ரத்தா, சரியா

பலகையில் எழுதியிருப்பதற்கெல்லாம் அவள் வாய் திறந்து பதில் சொல்லுவாள். தென்காசிப் பேருந்து நிலையத்துச் சுவரில் ‘இங்கு எச்சில் துப்பாதீர்’ என்று இருக்கும். “துப்புனது யாரு, நானா? துப்புனவனப் புடிச்சுச் சொல்லு” என்பாள், சுவரைப் பார்த்து. பணம் எடுக்கும் இயந்திரம் ‘உங்கள் அட்டையை எடுத்துக்கொள்ளவும்’ என்று காட்டினால், “பின்ன, ஒனக்கா வச்சுட்டு வருவேன்?” எங்கள் கல்லூரி வாசலில் ‘அடையாள அட்டை இல்லாதோருக்கு அனுமதி இல்லை’ என்று ஒரு பலகை. “ரெண்டு வருசமா தெனமும் பாக்க, என் மூஞ்சி தெரியாதாக்கும்?” முதலில் எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. போகப்போக அவளோடு நடக்கவே கூச்சமாகிவிட்டது. நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

எனக்கு அவள் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. அதைவிட எங்கள் துறைத் தலைவர் மேல். அதைவிட என் மேல். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நாங்கள் சேர்ந்து படித்த படிப்பில், செய்த வேலையில், அச்சடித்த ஒரு தாளில்கூட அவள் பெயர் இல்லை. என் பெயர் இருக்கிறது. நான் இப்போது மட்டும் அவள் பெயரை எழுதி என்ன கிழித்துவிடப் போகிறேன்?

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் எங்கள் பெண்கள் கல்லூரி. கணினித் துறை. மூன்றாம் வருடம் முழுக்க மொபைல் செயலி வடிவமைப்பும் உருவாக்கமும்தான். நான் கடையநல்லூரிலிருந்து வருவேன், அவள் பாவூர்சத்திரத்திலிருந்து. தென்காசியில் இறங்கி ஒரே பேருந்தில் ஏறுவோம். செயலிப் படிப்பு என்றால் வெளியே இருப்பவர்கள் பெரிதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு திரையையும் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கட்டம் போட்டு ரெக்கார்டு நோட்டில் வரைய வேண்டும். கோடு கோணினால் அழித்துவிட்டு மறுபடி. தொடுதிரையைப் பற்றிய படிப்பில் நாங்கள் அதிகம் தொட்டது அழிரப்பரைத்தான்.

துறைத் தலைவருக்கு ஒரே கேள்விதான். “அவுட்புட் வந்துச்சா?” வந்தது சார் என்றால், “அப்புறம் என்ன, கெளம்பு.” செயலி யார் கைக்குப் போகிறது, அவர் அதைப் பார்த்து என்ன நினைப்பார், இதெல்லாம் அவருக்குக் காதிலேயே விழாது. இவளுக்கோ அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. ஒரு திரையைக் காட்டினால் நிறத்தைப் பார்க்க மாட்டாள், படத்தைப் பார்க்க மாட்டாள். எழுதியிருக்கிற சொல்லைப் பார்ப்பாள். பார்த்ததும் கேட்பாள்: “இத யாரு, யாருட்ட சொல்லுதா?”

“யாரும் சொல்லல பிள்ளே, போன் சொல்லுது.”

“போனுக்கு ஏது வாய்? நீ எழுதிருக்க. அப்ப நீதான சொல்லுத? எங்கம்மாவப் பாத்து ‘தவறான உள்ளீடு’ன்னு சொல்ல நீ யாருட்டி?”

எனக்கு எரிச்சலாக வரும்.

குற்றாலத்தில் நடந்ததைச் சொன்னால் அவள் எப்படிப்பட்டவள் என்று புரியும். சாரல் காலத்தில் அருவியில் தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை போடுவார்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதே தடை உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு செயலி செய்யச் சொன்னார் துறைத் தலைவர். வகுப்பில் எல்லோரும் சிவப்புக் கட்டத்துக்குள் ‘அனுமதி மறுக்கப்பட்டுள்ளது’ என்று எழுதிவிட்டோம். அவள் மட்டும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு சனிக்கிழமை என்னையும் இன்னும் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு பேரருவிக்குப் போனாள். ஊதல் காற்று, சாரல், காவலரின் விசில், தலை துவட்டிக்கொண்டு நடக்கிற கூட்டம். அங்கே மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் என் போனை நீட்டினாள்.

“யக்கா, இத வாசிங்க.”

அந்த அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். முகம் வாடிவிட்டது. “அனுமதி மறுக்கப்பட்டுள்ளதா? நான் என்ன தப்பு செஞ்சேன் பிள்ளே? இங்கன யாவாரம் பண்ணக் கூடாதுங்காவளா?”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன்னுடைய போனைக் காட்டினாள். அதில் ‘தண்ணி கூடிட்டு. செத்த பொறுங்க’ என்று மட்டும் இருந்தது.

அக்கா சிரித்துவிட்டார். “இது நம்ம போலீசு அண்ணாச்சி சொல்லுத மாதிரில்லா இருக்கு!”

“பாத்தியளா?” என்று எங்கள் மூன்று பேரையும் பார்த்துக் கத்தினாள். ஏதோ அந்த அக்காவை நாங்கள் கைநீட்டி அடித்துவிட்டது போல.

திங்கட்கிழமை துறைத் தலைவர் அவள் திரையைப் பார்த்தார். “அருவியில போயி செத்தன்னு எழுதிருக்கியேம்மா. யாராவது நெசமாவே செத்துட்டான்னா?” வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் எழுந்து நின்றாள். “உங்க வீட்டுல ஒருநாளாவது செத்த இருங்கன்னு சொன்னது இல்லையா சார்? அன்னைக்கு யாரு செத்தா?” சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அந்தச் செயலிக்கு வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண் அவளுக்குத்தான். ‘பேச்சு வழக்கு, தவிர்க்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். அதற்கும் அவள் விடவில்லை. “எதுக்குத் தவிர்க்கணும்?” என்று பென்சிலால் அதன் கீழேயே எழுதி வைத்தாள்.

இன்னொன்று, செயலியிலிருந்து வெளியே வருகிற பொத்தான். எல்லாருடைய செயலியிலும் ‘வெளியேறு’ என்று இருக்கும். அவளுக்கு அது ஆகவே ஆகாது. “வீட்டுக்கு வந்த ஆள வெளியேறுன்னா சொல்லுவாவ? நாயத் தொரத்துத மாதிரி!” தன் செயலிகளில் எல்லாம் அந்தப் பொத்தானுக்கு ‘வாரேன்’ என்றுதான் பெயர் வைத்தாள். போகிறவர் சொல்லிக்கொண்டு போகிற சொல்.

“வெளிய போறதுக்குப் பொத்தான். அதுல வாரேன்னு இருந்தா எவனுக்குப் புரியும்?” என்று கேட்டேன்.

“நீ உங்க வீட்டுல இருந்து கெளம்பும்போது என்ன சொல்லுத?”

“போயிட்டு வாரேன் உம்மா.”

“உங்க உம்மாவுக்குப் புரியுதுல்லா? போறேன்னு சொல்லிட்டு எவளாவது கெளம்புவாளா? துட்டி வீட்டுல கூட அப்படிச் சொல்ல மாட்டாவ, சொல்லாமத்தான் எந்திரிச்சு வருவாவ.”

சாவு விழுந்த வீட்டை இதற்கு ஏன் இழுக்கிறாள் என்று அன்றைக்கு நினைத்தேன். ஒரு பொத்தானுக்கு இவ்வளவு பேச்சா? ஆனால் அவள் சொன்னது உண்மைதான். எங்கள் வீட்டிலும் எவரும் போறேன் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கியதில்லை.

அவள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் சின்ன வெங்காயம் தரம் பிரிக்கிற வேலை. உள்ளி என்றுதான் சொல்வார்கள். மூட்டையைக் கொட்டிவிட்டு முன்னால் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே விரல் தானாகப் போய் அழுகலை எடுத்து எறியும். கண் அந்தப் பக்கம் போகவே போகாது. அவள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு ஒரு அழைப்பு வந்தது. “சரி. ஆங், சரி. சரி சரி.” வைத்துவிட்டார்.

“யாரும்மா?”

“தெரியல பிள்ளே. ஏதோ கம்பெனியாம். படபடன்னு என்னமோ சொன்னான்.”

“எதுக்குச் சரின்ன?”

“அவனும் எவ்வளவு நேரந்தான் பேசுவான், பாவம். முடிக்கட்டும்னு சரின்னேன்.”

நான் புரை ஏறச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “எங்கம்மாவுக்குச் சரின்னா ஒத்துக்கிட்டேன்னு இல்ல பிள்ளே” என்றாள் என்னிடம். “பேச்சு முடிஞ்சிட்டு, நீ கெளம்பலாம்னு. சந்தையில லோடுமேன் கத்துனாலும் சரி, யாவாரி ஏசுனாலும் சரி. எங்க வீட்டுலயே அப்படித்தான். நானும் அப்படித்தான்.”

இது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும்தான் நான் அதைச் செய்தேன்.

கடைசிப் பருவத்தில் துறைத் தலைவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கல்லூரிக்கு ஒரு பெற்றோர் செயலி. மகள் வந்தாளா, விடுப்பு எடுத்தாளா, தேர்வுக்குப் பதிந்தாளா, எல்லாம் பெற்றோர் போனில் தெரியும். அடுத்த மாதம் ஆய்வுக் குழு வருகிறது, அவர்களிடம் காட்டிப் பெயர் வாங்க வேண்டும். திரைகளை வடிவமைக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சென்னையில் ஒரு நிறுவனத்துக்கு அவர் பரிந்துரைக் கடிதம் தருவதாகவும் சொல்லியிருந்தார். அந்த வேலை கிடைக்காவிட்டால் படிப்பு முடிந்த கையோடு நிக்காஹ். வளைகுடாவில் இருந்தபடியே வாப்பா மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்.

தேர்வுப் பதிவைப் பெற்றோர் ஒப்புக்கொள்ள ஒரு பொத்தான் இருந்தது. கூடவே ரத்து செய்யவும் ஒரு பொத்தான் வேண்டும் என்றார் துறைத் தலைவர். “பெத்தவங்களுக்கு அந்த உரிமை இருக்குல்லா?”

“பரீச்ச எழுதப் போறது நாங்க. அவுக எதுக்கு சார் ரத்து பண்ணணும்?” என்று அவள் கேட்டாள். அவர் காதில் விழாதது போல மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். படிப்பை நிறுத்த நினைக்கிற அப்பன்மாருக்கு வீட்டில் சண்டை போடும் சிரமம்கூட இல்லாமல் ஒரே அமுக்கில் முடிகிற வசதி. அதை என் கையால் செய்தேன். மகளின் புகைப்படம், கீழே பதிவு எண், அதற்கும் கீழே இடம் காலியாக இருந்ததால் சிவப்பில் ‘ரத்து’. அதை அமுக்கினால் ஒரு பெட்டி வரும். ‘தேர்வுப் பதிவை ரத்து செய்யவா?’ என்று கேட்கும். அடியில் இரண்டு பொத்தான்கள்: ‘ரத்து’, ‘சரி’.

கல்லூரி உணவகத்தில் வைத்து அவளிடம் காட்டினேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன், பைத்தியக்காரி நான்.

“ரத்து செய்யவான்னு கேக்குது. கீழ ரத்த அமுக்குனா ரத்தாகுமா, ரத்தாகாதா?”

“ரத்தாகாது. கேட்டது ரத்தாயிரும்.”

“அப்ப எத அமுக்குனா ரத்தாகும்?”

“சரி.”

அவள் போனை மேசையில் வைத்துவிட்டாள். “ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? எங்கம்மா சரியத்தான் அமுக்குவா. போன வைக்கணும்னாலே அவளுக்குச் சரிதான். மாத்து.”

“எல்லா ஆப்லயும் இப்படித்தான் இருக்கு.”

“எல்லாத்துலயும் இருந்தா? மாத்துட்டி.” என் நோட்டைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்: ‘ஆமா, பதிவு வேண்டாம்’, ‘இல்லை, பதிவு இருக்கட்டும்’. “இந்த ரெண்ட மட்டும் போடு. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்.”

நான் மாற்றவில்லை. துறைத் தலைவர் பார்த்து ஒப்புக்கொண்டாயிற்று என்று அவளிடம் சொன்னேன். உண்மைக் காரணம் அதுவல்ல. எப்போது பார்த்தாலும் இவளே எனக்கு வாத்தியாராக இருக்கிறாளே என்ற கடுப்பு. என் திரை, என் பெயர், இவள் யார் கை வைக்க? அவ்வளவுதான் விஷயம்.

செயலி எல்லாப் பெற்றோர் போனிலும் ஏறியது. அவள் அம்மா மகளின் பதிவை முறையாக ஒப்புக்கொண்டார். அதற்கப்புறமும் தினமும் சந்தையில் அந்தச் செயலியைத் திறந்து பார்த்திருக்கிறார். எதற்கு? அதில் மகளின் புகைப்படம் இருக்கிறது, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காட்டலாம். பதிவு முடிகிற நாளன்று அப்படிக் காட்டும்போது விரல் கீழே பட்டிருக்கிறது. பெட்டி வந்து என்னமோ கேட்டது. அம்மா அதற்குச் சரி சொல்லிவிட்டு வெங்காயத்தைப் பொறுக்கப் போய்விட்டார். அன்று மாலையோடு பல்கலைக்கழகத்தில் பட்டியலை மூடிவிட்டார்கள்.

நுழைவுச் சீட்டு வந்தது. எல்லோருக்கும் வந்தது, அவளுக்கு வரவில்லை.

துறைத் தலைவர் கணினியில் தேடிப் பார்த்து, ‘பெற்றோரால் ரத்து செய்யப்பட்டது’ என்ற வரியைச் சுட்டிக்காட்டினார். “யூசர் எரர், அமுக்குனவங்க தப்பு” என்றார். கதை முடிந்தது என்கிற மாதிரி. ஆனால் வழி இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கடிதம் கொடுத்தால், அவர் கையெழுத்துப் போட்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவார், அவள் தேர்வு எழுதலாம். செவ்வாய்க்கிழமை அவளையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டு, அவரே வாசகம் சொன்னார். “எனது தாயாரின் கவனக்குறைவால் நேர்ந்த தவறுக்கு வருந்துகிறேன். எழுதும்மா, ரெண்டே வரி.”

அவள் பேனாவை எடுக்கவில்லை. “எங்கம்மாவுக்குக் கவனம் இல்லையா சார்? ஒரு மூட்ட உள்ளியில ஒரு அழுகல, பாக்காமலே விரலால எடுத்துருவா. நீங்க எடுப்பியளா?”

“ஃபார்மாலிட்டிம்மா இது.”

“அப்ப செயலியில சொல்லு குழப்பமா இருந்துச்சுன்னு எழுதுதேன். அதுவும் ஃபார்மாலிட்டிதான?”

அவர் முகம் கறுத்தது. ஆய்வுக் குழுவிடம் காட்டப் போகிற செயலி. என் பக்கம் திரும்பினார். “செஞ்சவ நீதான? நீயே சொல்லு. ஆப்ல ஏதாவது பக் இருக்கா?”

பக் என்றால் நிரலில் பிழை. நிரலில் பிழை ஏதும் இல்லை. அமுக்கினால் அமுங்குகிறது, ரத்து என்றால் ரத்தாகிறது. அவுட்புட் வந்தது.

“இல்ல சார்” என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். சுவரைத் திட்டுவாள், இயந்திரத்தைத் திட்டுவாள், என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்று நாளும் அவள் பின்னால் அலைந்தேன். ரெண்டு வரிதானே, எழுதித் தொலையேன், படிப்பு போயிருமே, ஆறு மாதம் கழித்து எழுதலாம் என்றாலும் அப்போதும் இதே கடிதம்தான் கேட்பார், எழுதுட்டி. அழக்கூடச் செய்தேன். “எங்கம்மா தப்பு பண்ணான்னு என் கையால எழுத மாட்டேன்” என்பாள். இந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது. எவன் வாசிக்கப் போகிறான் அந்தக் கடிதத்தை? ஒரு குமாஸ்தா கோப்பில் வைத்துக் கட்டிப் போடுவான். ஆனால் எழுதியதை யாரோ யாரிடமோ சொல்வதாகவே நினைக்கிறவளிடம் போய், யாரும் வாசிக்க மாட்டார்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் துறைத் தலைவரே அம்மாவை வரவழைத்துவிட்டார். சந்தையிலிருந்து நேராக வந்திருந்தார். சேலையில் அங்கங்கே உள்ளித் தோல் ஒட்டியிருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“நீங்கதானம்மா அமுக்குனீங்க?”

“சரி சார்.”

“தெரியாமத்தான அமுக்குனீங்க?”

“சரி சார். பிள்ள பரீச்ச எழுதணும் சார்.”

“பாத்தியா, அவங்களே ஒத்துக்கிடுதாங்க” என்றார் அவளிடம்.

“எங்கம்மா ஆமான்னு சொல்லல சார். சரின்னு சொன்னா. ரெண்டும் வேற.” அவள் குரல் நடுங்கியது. அந்த மூன்று வருடத்தில் அன்றுதான் அவள் குரல் நடுங்கிக் கேட்டேன்.

அவர் அவளை விட்டுவிட்டார். தானே தட்டச்சு செய்து வைத்திருந்த தாளை அம்மாவின் முன்னால் நகர்த்திப் பேனாவைக் கொடுத்தார். “நீங்களே போடுங்கம்மா. என் கவனக்குறைவுதான்னு எழுதிருக்கேன்.”

“சரி சார். எங்கன போடணும்?”

“அம்மா.” அவள் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “நீ ஒரு தப்பும் பண்ணல. ஒரே ஒரு தடவ, அந்தச் சரிய மட்டும் சொல்லாம இரும்மா.”

அம்மா மகளைப் பார்த்தார், துறைத் தலைவரைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் அந்த வீட்டில் சாப்பிட்டவள். இப்போதாவது, பிழை அம்மாவுடையது இல்லை, என்னுடையது, இந்தப் பெட்டியில் சொல் தப்பு, இவள் முன்பே சொன்னாள் என்று என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கம் என் பையில் இருந்தது. கை நீட்டினால் எடுத்திருக்கலாம். நான் குனிந்து தரையைப் பார்த்தேன்.

அவள் அம்மாவின் கையிலிருந்து பேனாவை வாங்கி, மூடி போட்டு, அவர் மேசையிலேயே வைத்தாள். “லோடு வார நேரம் சார். அம்மா நிக்கணும்” என்றாள். இரண்டு பேரும் போய்விட்டார்கள். சாயங்காலம் ஆனதும் அந்த வாய்ப்பும் முடிந்தது.

திங்கட்கிழமை காலையில் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். “அந்தப் பெட்டிய மட்டும் நைசா மாத்திரும்மா. கமிட்டி வரும்போது எவனாவது அமுக்கிப் பாத்துட்டு எதுவும் கேட்டுரக் கூடாது.”

ஆக, சொல்தான் தப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது! முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது! அந்த மேசையைப் புரட்டிப் போட்டிருக்க வேண்டும் நான். என்ன செய்தேன் தெரியுமா? “என்ன சார் போடணும்?” என்று கேட்டேன். “நீயே நல்லதா ஒண்ணு போடு” என்றார். ஆய்வகத்துக்குப் போய் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அவள் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். ஆமா, பதிவு வேண்டாம். இல்லை, பதிவு இருக்கட்டும். ஆய்வுக் குழு அந்தச் செயலியின் எளிய தமிழைப் பாராட்டிவிட்டுப் போனது. எனக்குப் பரிந்துரைக் கடிதம் வந்தது, வேலை வந்தது. இன்றைக்குச் சென்னையில் திரைகளை வடிவமைத்துத்தான் சோறு தின்கிறேன். எனக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் யாராவது ‘சரி’ என்று ஒரு பொத்தான் போட்டுக்கொண்டு வந்தால் கத்திவிடுகிறேன். ஏன் இந்த அக்காவுக்கு இதற்குப் போய் இத்தனை கோபம் என்று அவர்களுக்குப் புரிவதில்லை.

அந்தத் திங்களுக்கு அடுத்த புதன்கிழமை அவள் கல்லூரிக்கு வந்தாள். சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு போகத்தான். நல்ல சித்திரை வெயில். குற்றாலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரே பேருந்தில் தென்காசி வரைக்கும் வந்தோம், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து. வழிநெடுக எத்தனையோ பலகைகள் வந்தன. அவள் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை.

பேருந்து நிலையத்தில் பாவூர்சத்திரம் வண்டி நின்றுகொண்டிருந்தது. “அந்தப் பெட்டிய மாத்திட்டேன் பிள்ளே” என்றேன். “நீ எழுதுனதத்தான் போட்டிருக்கேன்.”

“எவ்வளவு நேரமாச்சு?”

“எதுக்கு?”

“மாத்த.”

“பத்து நிமிசம்” என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். சான்றிதழ் உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியில் ஏறினாள். ஏறியவள் திரும்பி, “போறேன்” என்றாள்.

சொல்லைத் தவறவிடுகிற ஆள் இல்லை அவள். ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். “ஏட்டி, வாரேன்னு சொல்லுட்டி. வாரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ.”

நடத்துநர் விசில் ஊதினார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, அவள் அம்மாவின் குரலிலேயே சொன்னாள்.

“சரி.”